ரங்கூன் ஈரத்துக்கு எந்த மைக்: டைனமிக்கா, கண்டென்சரா?

எங்கள் பஜனைக் குழுவின் தேவாரப் பாடல்களைப் பதிவு செய்ய ஒரு மைக் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைசியில் வாங்கியது ஷூர் எஸ்எம்58, டைனமிக் வகை. அதற்குப் போட்டியாக நின்றது ரோடு என்டி1-ஏ, கண்டென்சர் வகை. வீட்டு ரெக்கார்டிங் என்றால் கண்டென்சர்தான் என்று இணையத்தில் எல்லாரும் சொல்வார்கள். காய்ந்த காற்றும் ஓயாத ஏசியும் உள்ளவர்களுக்கு அது சரி. மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாத மழையில், சுவர் வியர்க்கும் மூன்றாம் மாடி வீட்டில் பதிவு செய்யும் நமக்கு அது சரிப்படுமா என்பதுதான் கேள்வி.

டைனமிக் மைக்கில் ஒரு கம்பிச்சுருள் காந்தப் புலத்துக்குள் அசைகிறது. அந்த அசைவே மின்சாரமாகிறது, வெளியிலிருந்து எதுவும் தரவேண்டாம். கண்டென்சரில் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு தகடு, நடுவே ஒரு மயிரிழை நுழையும் அளவுக்கு இடைவெளி. சவ்வு அதிரும்போது மாறும் மின்தேக்கத்தைத்தான் அது ஒலியாகக் கொடுக்கிறது. இதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். கரண்ட் போனால் கண்டென்சர் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும்வரை, அதிலிருந்தே ஓடும் சின்ன யுஎஸ்பி இண்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) அந்த 48 வோல்ட்டைக் கொடுத்துவிடும்.

அடுத்து, கரண்ட் போனால் தெருவில் ஓடும் ஜெனரேட்டரின் சத்தம். டைனமிக் தெருச்சத்தத்தை எடுக்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் எடுக்கும் என்பது பாதிதான் உண்மை. இந்த இரண்டு மைக்கும் கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் காது மந்தம். ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவு வரும்படி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) சரி செய்தால், கீழே நடைபாதையில் ஓடும் ஜெனரேட்டர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கேட்கும். வித்தியாசத்தை உண்டாக்குவது தூரம். டைனமிக் மைக்கை வாய்க்கு மூன்று விரல்கடை தூரத்தில் வைத்துத்தான் பாடுவோம், கண்டென்சருக்கு ஒரு சாண் தள்ளி நிற்போம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், ஜெனரேட்டர் ஏறாது. மைக்கின் பின்பக்கத்தைத் தெரு ஜன்னலுக்குக் காட்டி வைத்தால் இன்னும் நல்லது. நெருங்கிப் பாடினால் அடிக்குரல் கனத்துப்போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

ஒலியின் அழகில் கண்டென்சருக்குத்தான் மதிப்பெண், அதில் சண்டை இல்லை. எஸ்எம்58 எடுப்பது 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை, என்டி1-ஏ எடுப்பது 20 முதல் 20,000 வரை. தம்புராவின் ஜீவாவும் (தந்தியின் ரீங்காரம்) 'ஸ', 'ச' எழுத்துகளின் முனையும் கண்டென்சரில் அப்படியே வரும். உணர்திறனிலும் அதுவே மேல். அதே சத்தத்துக்கு என்டி1-ஏ சுமார் 25 மில்லிவோல்ட் தரும், எஸ்எம்58 இரண்டு மில்லிவோல்ட்கூடத் தராது. அதனால் டைனமிக்குக் கெயினை ஏறக்குறைய முழுக்கத் திருப்பவேண்டி வரும். மலிவான இண்டர்ஃபேஸில் அப்படித் திருப்பினால் பின்னணியில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். மெல்லிய குரல்காரர்களுக்கு இது நிஜமான தொல்லை.

சரி, பிறகு ஏன் டைனமிக்? பராமரிப்பு. எனக்கு எல்லாக் கணக்கையும் முடித்து வைத்தது அதுதான்.

கண்டென்சரின் சவ்வும் தகடும் சேர்ந்த பகுதிக்குக் கேப்ஸ்யூல் என்று பெயர். அதில் நிற்கும் மின்னேற்றம் மிகமிகக் கொஞ்சம். அது கசியாமல் இருந்தால்தான் மைக் வேலை செய்யும். கேப்ஸ்யூல் மேல் தூசி படிந்து, பாடுகிறவரின் மூச்சு ஈரமும் எச்சில் துளியும் சேர்ந்து, அதோடு மழைக்காலக் காற்றும் கூடினால், அந்த அழுக்கு வழியாக மின்னேற்றம் கசியத் தொடங்கும். அப்போது பாட்டின் நடுவே எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் 'பட் பட்' என்று கேட்கும். ஒரு நண்பரின் கண்டென்சரில் ஜூலை மாதம் இதைக் கேட்டிருக்கிறேன். கேபிளை மாற்றினார், இண்டர்ஃபேஸை மாற்றினார், சத்தம் நிற்கவில்லை. சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைத்து எடுத்தபிறகு நின்றது.

ஆக, கண்டென்சர் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு தினசரி வேலை இருக்கிறது. பதிவு முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவேண்டும். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் சூட்டில் காயவைத்து மறுபடி போடவேண்டும். ஏசி அறையிலிருந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்யக்கூடாது, உள்ளே பனித்துளிபோல் ஈரம் படிந்திருக்கும். முன்னால் பாப் ஃபில்டர் (மூச்சையும் எச்சிலையும் தடுக்கும் திரை) இல்லாமல் யாரையும் பாடவிடக்கூடாது. அழுக்கேறிய கேப்ஸ்யூலை நாமே துடைக்கப் போனால் சவ்வு போச்சு. ஈரத்துக்கு அசராத, ரேடியோ அலைவரிசையில் இயங்கும் கண்டென்சர்களும் உண்டு, சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை அப்படித்தான். ஆனால் அதன் விலைக்குக் குழுவின் சந்தா தாங்காது.

எஸ்எம்58-ஐப் பாருங்கள். மேலே இருக்கும் வலைக் கிண்ணத்தைக் கையால் திருகினால் கழன்றுவரும், உள்ளே ஒரு நுரைப் பஞ்சு. எங்கள் குழுப் பெரியவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து உட்காருவார், 'வாய் கொப்பளிச்சுட்டு வாங்கய்யா' என்றாலும் சிரிப்பார். பஞ்சில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி மாட்டிவிடுவேன். மைக் உடலில் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் திறந்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் பட்டறைப் பக்கம் குடியிருப்பவர்கள் பையில் போட்டு வைக்கவும்.

நாதஸ்வரம், தவில் இரண்டையும் நான் திறந்தவெளியில் மட்டுமே பதிந்திருக்கிறேன். மூடிய அறையில் அவற்றுக்கு எது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. புல்லாங்குழலும் வீணையும் மட்டும்தான் பதிவீர்கள் என்றால் கண்டென்சருக்கே போங்கள், டப்பா வேலையைச் செய்ய வீட்டில் பொறுமையான ஆள் ஒருவர் இருந்தால். வருடத்தில் ஓரிரு முறைதான் தேவை என்றால் டிசம்பர், ஜனவரியில் காற்று காய்ந்திருக்கும்போது இரவல் வாங்கிப் பதிவை முடித்துக்கொள்ளலாம்.

எஸ்எம்58 வாங்குகிறவர்கள் சந்தையில் போலிகள் உண்டு என்பதை மறக்கவேண்டாம். அப்புறம், மிச்சமாகும் பணத்தை நல்ல இண்டர்ஃபேஸில் போடுங்கள். குறைந்தது 55 டெசிபல் கெயின் சுத்தமாகத் தருகிறதா என்று, கடையிலேயே ஹெட்ஃபோன் மாட்டி, குமிழை முழுக்கத் திருப்பிக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.