பன்னிரண்டு சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரி. மனசுதான் காரணம் என்று ஒருவர் சொல்லப்போய், நாகர்கோவிலில் ஒரு கவுன்சலிங் சென்டருக்குப் போனேன். பன்னிரண்டு சிட்டிங், 15,000 ரூபாய், முன்கூட்டியே கட்ட வேண்டும். சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். ஒன்றையாவது வாசித்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது சிட்டிங்கில் கவுன்சலர் கண்ணை மூடச் சொல்லி, சின்ன வயதில் பயந்த இடம் எது என்று கேட்டார். இருட்டும் புகை வாடையும் நினைவு வருகிறது என்றேன். "அங்கே உங்களைப் பூட்டி வைத்தது யார்? அப்பாதானே?" திரும்பத் திரும்ப இதே கேள்வி. ஐந்தாவது சிட்டிங்குக்குள் தாழ்ப்பாள் சத்தமே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். ரப்பர் பால் வாடையோடு வீட்டுக்கு வந்ததும், "மக்களே, சாயா குடிச்சியா?" என்பார். ஒரு மாதம் நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் அந்த இருட்டு இடத்தைப் பற்றிச் சித்தியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையாம். கதவே கிடையாது, சாக்குதான் தொங்குமாம்.

நடக்காததை நடந்ததாக நம்பவைக்க முடியும் என்று எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1995இலேயே காட்டியிருக்கிறார். சின்ன வயதில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ நம்பிவிட்டார்கள். நானும் அந்தக் கால்வாசியில் சேர்த்தி.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, "உங்கள் மனம் எதிர்க்கிறது, அதுவே குணமாகிற அறிகுறி" என்றார்கள். நல்ல வியாபாரம்.

பேச்சு சிகிச்சையே பொய் என்று சொல்லவில்லை. அப்புறம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாளே, "முதலில் பயம் கூடும். தினமும் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். குறையவில்லை என்றால் வழியை மாற்றுவோம்" என்றார்கள். பாலத்தடியில் சும்மா நின்றேன். பிறகு மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். இப்போது நானே ஓட்டுகிறேன், நோட்டில் எட்டாக இருந்த பயம் மூன்றாகியிருக்கிறது. எது கூடலாம், எப்போது நிறுத்தலாம் என்ற பேச்சே அந்த சென்டரில் வரவில்லை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். யாரிடம் போவது என்று குழப்பமா? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சென்டர் இன்னும் நடக்கிறது. பேக்கேஜ் இப்போது 18,000 என்று கேள்வி.