மூட்டையில் அட்டை இல்லை: ஒரு ஸ்கேனிங் மென்பொருளோடு நான்கு வருடம்

திருவாரூரில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பன் நேற்று போன் செய்தான். "மாப்ள, நீ வச்சிருக்கிற அந்த ஸ்கேனிங் சாஃப்ட்வேரைப் பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கலாமா?" இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கால் மணி நேரம் திட்டியிருக்கிறேன். நடுவில் கடைக்கு ஆள் வந்துவிட்டதால், "எழுதி அனுப்புறேன்டா" என்று சொல்லி வைத்தேன். இதுதான் அது.

மென்பொருள் என்ன செய்யும் என்பது அவனுக்கும் தெரியும். பக்கத்தை ஸ்கேன் செய்தால் எழுத்தைப் படித்து, சொல் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கித் தரும். ஆனால் எழுத்தைப் படிக்கும் வேலையைச் செய்வது இவர்கள் எழுதிய நிரல் இல்லை. உள்ளே டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. பிடிஎஃபைச் சுருக்குவது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மென்பொருள். இரண்டும் வெளியார் உழைப்பு. டெசராக்ட் 1985-ல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005-ல் திறந்த மூலமாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று, வெளிவந்தது. அவற்றை எக்ஸ்இ கோப்புகளாக உள்ளே வைத்து, மேலே அழகாக ஒரு முகப்புப் போட்டு விற்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முகப்பு நன்றாகவே இருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பெண் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.

சொல்லப்போனால் இதை நான் நேசித்த காலமும் உண்டு. கும்பகோணத்தில் எனக்கு வரும் வேலையில் பாதி பழைய புத்தகங்கள்தான்: தலபுராணம், குடும்பப் பத்திரம், கோயில் கணக்கு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, ணை, னை எல்லாம் ஐகாரக் குறி தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டி, யானை போலத் தும்பிக்கை தூக்கி நிற்கும். மென்பொருளோடு வந்த தமிழ்ப் பயிற்சிக் கோப்பு, அதாவது எழுத்துகளின் உருவத்தை அதற்குக் கற்றுக்கொடுக்கும் கோப்பு, அந்தத் தும்பிக்கையைக் கண்டால் திணறும். சென்னையில் வேலை செய்யும் என் அக்கா மகன் பொங்கல் லீவில் வந்தவன், பழைய பக்கங்களை வரி வரியாக வெட்டி, அதற்கென்றே ஒரு பயிற்சிக் கோப்பைத் தயார் செய்தான். மென்பொருளின் ஃபோல்டரில் போட்டதும் முதல் பக்கத்திலேயே 'மாலை' மாலையாகவே வந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழு விலைக்கே வாங்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் வந்தது மென்பொருளின் 3.6.2 பதிப்பு.

3.6.1-லிருந்து 3.6.2. கடைசி எண் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். குறிப்பும் ஒற்றை வரி: சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே ஏறிக்கொண்டது. அந்த வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் 412 பக்கப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. 230 பக்கம் முடிந்திருந்தது. மிச்சத்தையும் முடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவர் வந்தார். கோபமே இல்லை. "தம்பி, 230-ஆம் பக்கத்துக்கு மேல சுவாமிமலையையே காணோமே" என்றார்.

தேடிப் பார்த்தேன். முன்பாதியில் சுவாமிமலை பளிச்சென்று கிடைக்கிறது. பின்பாதியில் எல்லாம் 'சுவாமிமல'. தும்பிக்கை போய்விட்டது.

நடந்தது இதுதான். அந்தச் 'சிறு பிழை' அப்டேட், உள்ளே இருந்த டெசராக்ட் 4-ஐத் தூக்கிவிட்டு 5-ஐ வைத்திருக்கிறது. போகிற போக்கில் ஃபோல்டரையே துடைத்து, தன் பயிற்சிக் கோப்பை அதே பெயரில் போட்டுவிட்டது. அக்கா மகன் ஒரு பிரதி வைத்திருந்ததால் தப்பித்தேன். 182 பக்கத்தை மறுபடி ஓட்டினோம், காசு வாங்காமல். ஒன்று சொல்ல வேண்டும்: அவன் கோப்பைத் திரும்பப் போட்டதும் 5-இல் வேலை 4-ஐ விட வேகமாகவே நடந்தது. மாற்றியதில் தப்பில்லை. சொல்லாமல் மாற்றியதுதான் தப்பு.

மெயில் போட்டேன். பதில் நான்காம் நாள்: எங்கள் நிரலில் பெரிய மாற்றம் இல்லை, அதனால் கடைசி எண்ணை மட்டும் மாற்றினோம். உங்கள் நிரல் யாருக்கு வேண்டும் ஐயா? நான் காசு கொடுப்பதே உள்ளே இருக்கும் சரக்குக்குத்தானே!

எங்கள் ஊர்ப்பக்கம் விதை வாங்கினால் மூட்டையில் அட்டை தைத்திருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். என்ன ரகம், எந்தக் குவியல், எல்லாம் அதில் உண்டு. சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் எங்களுக்குப் பொன்மணி. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் மரபணுவை அதில் சேர்த்தபோது, பழைய பெயரிலேயே மூட்டையைக் கட்டி விற்றுவிடவில்லை, சி.ஆர். 1009 சப் 1 என்று பெயரிலேயே காட்டினார்கள். என் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் சப் 1-ஐயும் சாதா 1009-ஐயும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

மென்பொருளில் இது முடியாத காரியமும் இல்லை. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மூல மென்பொருளின் எண்ணை முதலில் போட்டு, ஒரு சிறு கோடு கிழித்து, தாங்கள் பொதிந்த எண்ணைப் பின்னால் சேர்ப்பார்கள். பைத்தான் நிரல்மொழிக்கான ஓப்பன்சிவி என்ற பட அலசல் மென்பொருளின் பொதியில் 4.8.1.78 என்று எண் இருந்தால் முதல் மூன்றும் ஓப்பன்சிவியுடையவை, கடைசி 78 பொதிந்தவர்களுடையது. பார்த்ததும் புரிந்துவிடும்.

என் மென்பொருளில் உள்ளே இருப்பவற்றின் எண்ணைக் கண்டுபிடிக்க, கட்டளையைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டுக்குள்தான் போக வேண்டும். அக்கா மகன் சொல்லிக்கொடுத்தபடி டெசராக்ட் பெயரை அடித்து, இரண்டு சிறு கோடு போட்டு, வெர்ஷன் என்று கேட்டேன். தன் எண்ணோடு சேர்த்து, தன் வயிற்றுக்குள் இருப்பவற்றின் எண்களையும் வரிசையாகச் சொன்னது. அதில் ஒரு வரி, வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி 1.2.4. 2023 செப்டம்பரில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அவசரமாக அடைத்த பாதுகாப்பு ஓட்டை இந்த லிப்வெப்பியில்தான் இருந்தது, 1.3.2-இல்தான் அதைச் சரிசெய்தார்கள். நான் பார்த்தது 2024 தை மாதம். யார் யாரோ கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து படங்களைத் திறக்கும் கடை இது. அடுத்த அப்டேட்டில் மாற்றிவிட்டார்கள், அதுவும் வாயைத் திறக்காமல்.

இப்போது தானாக அப்டேட் ஆவதை அணைத்து வைத்திருக்கிறேன். கல்லாப்பெட்டியில் ஒரு நோட்டு. நானாக அப்டேட் போடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்களை அதில் எழுதிக்கொள்கிறேன், அவர்கள் எழுத வேண்டியதை.

சரி, வாங்கலாமா? வேண்டாம்டா. பாதி விலைக்கும் வேண்டாம். என்னுடைய லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, அதை நான் புதுப்பிக்கத்தான் போகிறேன். கடைப் பெண்ணின் கை இதில் பழகிவிட்டது, இன்னும் இரண்டு தலபுராணம் வரிசையில் நிற்கிறது. நீ என் பேச்சைக் கேட்காமல் வாங்கித் தொலைத்தால், ஞாயிற்றுக்கிழமை குடவாசல் வழியாக ஒரு நடை வந்துவிட்டுப் போ. தும்பிக்கைக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். இரண்டு பிரதியாக வைத்துக்கொள், ஒன்று அந்த ஃபோல்டருக்கு வெளியே.