வன்னி வெயிலில் ஆறு வருசம்: பழைய கனன் 1300டியும் ஒரு 50 மில்லிமீற்றர் லென்சும்

பக்கத்து வளவுத் தம்பி ஏ.எல். எழுதிவிட்டு நிற்கிறான். போன மாதம் வந்து, "அண்ணை, கமெரா ஒண்டு வாங்கப்போறன். எத்தினை மெகாபிக்சல் பாக்கோணும்?" என்று கேட்டான். 2019இல் நானும் இதே கேள்வியோடுதான் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்தேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வாங்கியது பாவித்த கனன் 1300டி. 18-55 லென்சோடு 52,000 ரூபா. 2016இல் வந்த மொடல். 18 மெகாபிக்சல், கூர்மையைப் பிடிக்க ஒன்பது போக்கஸ் புள்ளி, செக்கனுக்கு மூன்று படம். கடையில் காட்டிய புது மொடல்களில் 24 மெகாபிக்சல் இருந்தது. அந்த ஆறு மெகாபிக்சல்தான் என்னைக் கன நாள் தயங்க வைத்தது. பிறகு கணக்குப் பார்த்தேன். 8க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 2400க்கு 3600 புள்ளி காணும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் உள்ளே. 1300டியின் படம் 5184க்கு 3456. சுவரில் மாட்டும் 12க்கு 18 வரைக்கும் தாராளமாகப் போகும்.

அச்சைப் பற்றி இவ்வளவு கதைக்கக் காரணம் இருக்கிறது. நான் கமெரா வாங்கியதே அதுக்காகத்தான். எங்கட வீட்டு அல்பம் இரண்டும் 2009இல் இடப்பெயர்வோடு போய்விட்டன. அப்பா அம்மாவின் கலியாணப் படம், அண்ணாவின் ஏடு தொடக்கல், ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கட ஒழுங்கையில் பல வீட்டில் இதே கதைதான். பெரியம்மாவிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதுவும் தண்ணி பட்டு மங்கிப்போயிருந்தது. போனில் எடுக்கிற படம் வடிவுதான், ஆனால் அந்தப் போன் உடைந்தால் படமும் போச்சு. கமெராவில் எடுத்து, ஸ்ரூடியோவில் கழுவி, கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்திருந்தேன்.

கமெராவோடு வந்த 18-55 கிட் லென்சில் ஆறு மாதம் எடுத்தபிறகு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் வாங்கினேன். எஃப் எண் குறையக் குறைய லென்சின் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட வரும். 160 கிராம்தான், உள்ளங்கைக்குள் அடங்கும். முகப்படத்துக்கு இதைவிட மலிவாக நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல் முதல் எடுத்தது பெரியம்மாவைத்தான். பின்னேரம் நாலு மணி, விறாந்தைக் கட்டில் இருந்தா. எஃப் 1.8இல் வைத்து எடுத்துவிட்டு வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் மூக்கு நுனி கூர்மையாக இருக்கிறது, கண் மங்கலாக இருக்கிறது. ஒரு மீற்றர் தூரத்தில் அந்தத் துவாரத்துக்குக் கூர்மை விழுகிற ஆழம் ஏறக்குறைய ஒரு அங்குலம். முகத்துக்கு அது காணாது. அடுத்த நாள் எஃப் 2.8க்கு வந்து, போக்கஸ் புள்ளியைக் கிட்டவான கண்ணில் வைத்தேன். நெற்றியில் விபூதி காய்ந்து வெடித்த கோடு, கண்ணோரச் சுருக்கம், காதுத் தோட்டின் சிவப்புக் கல், எல்லாம் வந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எங்கட நிறத்து ஆட்களை வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருத்தினால் கமெரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். ஏவி பொத்தானை அமத்திப் பிடித்துச் சில்லை உருட்டி ஒரு படி கூட்டுங்கோ.

இந்த லென்சின் குறை, வீட்டுக்குள் பின்னால் போக இடம் காணாது. 1300டியின் சென்சர், அதாவது உள்ளே படம் விழுகிற தகடு, பழைய பிலிமைவிடச் சிறிது என்பதால் 50 என்பது 80 போலக் கிட்ட இழுத்துக் காட்டும். ஒரு ஆளை முழு உயரத்துக்கு எடுக்க மூன்றரை மீற்றருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுத்திட்ட வீட்டின் அறைக்குள் அது நடவாது. அங்கே கிட் லென்ஸ்தான். ஆகவே அதை விற்காதேங்கோ.

கமெராவில் நான் முதலில் பார்ப்பது கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர். மெகாபிக்சலைவிட இது முக்கியம் என்று அடித்துச் சொல்வேன். சித்திரை வெயிலில் இரணைமடு அணைக்கட்டில் மத்தியானம் நின்று போன் திரையைப் பாருங்கோ, உங்கட முகம்தான் தெரியும். கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிறபோது அந்தப் பிரச்சினை இல்லை, பற்றரியும் மிச்சம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குவதானால் வியூஃபைண்டர் உள்ளதாகப் பாருங்கோ. மலிவான சில மொடல்களில் திரை மட்டும்தான். கொம்பனிகள் இப்போது மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் என்னுடையது போலக் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா என்று தம்பி கேட்டான். அதனால்தான் பாவித்த பொருள் மலிவு. நாளைக்குக் கனன் மிரர்லெஸ்சுக்கு மாறினாலும் இந்த லென்சுகளை அடப்டர் போட்டுப் பாவிக்கலாம். 2022இல் ரூபா விழுந்தபிறகு புதுப் பொருளின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கட ஊரின் எதிரி கிறவல் புழுதி. 2020இல் முத்தையன்கட்டுப் பக்கம் ரோட்டோரம் நின்று லென்ஸ் மாற்றினேன். ஒரு டிப்பர் போனது, புழுதி உள்ளே போய்ச் சென்சரில் ஒட்டிக்கொண்டது. பிறகு எடுத்த வானம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் சாம்பல் பொட்டு. எஃப் 4இல் தெரியாது, எஃப் 16இல் அப்பட்டமாகத் தெரியும். ரப்பர் பந்தால் காற்று ஊதினேன், பாதி போனது. மிச்சத்துக்குக் காசு கொடுத்துத் துடைப்பித்தேன். இப்போது வெளியில் லென்ஸ் மாற்றுவதில்லை. என்ன எடுக்கப்போகிறேன் என்று வீட்டிலேயே முடிவெடுத்து ஒன்றைப் பூட்டிக்கொண்டு போவேன். மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கோ. அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மா உள்ளே போகும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இரவில், இருட்டிலும் படம் விழுவதற்காக ஐ.எஸ்.ஓ. என்கிற வெளிச்ச உணர்திறனை 3200 வரை ஏற்றி, 50 லென்சால் எடுத்திருக்கிறேன். கணினியில் பெரிதாக்கினால் மணல் தூவியது போலத் தெரியும். அச்சில், கையில் பிடித்துப் பார்க்கிற அளவில், அது யாருக்கும் தெரிந்ததில்லை. பறவைக்கு இந்தக் கமெரா சுகமில்லை. தூரத்தை இழுக்கிற 55-250 லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு சுண்டிக்குளம் போனேன். பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் வந்தன. பறக்கிற கொக்கை ஒன்பது புள்ளி போக்கஸ் பிடிக்க முந்தி அது போய்விடும். பறவைதான் உங்கட ஆசை என்றால் வேறு கணக்குப் போடுங்கோ.

பாவித்தது வாங்கும்போது லென்சைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூஞ்சண நூல் இருக்கா என்று பாருங்கோ. எஃப் 16இல் வெறும் வானத்தை ஒன்று எடுத்துப் பாருங்கோ. எத்தனை படம் எடுத்த கமெரா என்பது இந்த மொடலில் படக் கோப்பில் இராது. கேபிள் போட்டுக் கணினி மென்பொருளால்தான் பார்க்கலாம், லப்டொப்போடு போவது நல்லது. பற்றரி கனன் கொம்பனியின் அசலா என்றும் கேளுங்கோ.

தம்பிக்கு என்னுடையதை 50 லென்சோடு ஒரு கிழமை கொடுத்துவிட்டேன். முந்நூறு படத்துக்குக் கிட்ட எடுத்திருந்தான், பாதிக்கு மேல் அவன்ர அம்மா: அடுப்படியில், கிணற்றடியில், நெல்லுக் காயவைக்கிற தறப்பாளில். அதில் மூன்றைக் கழுவக் கொடுத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் 1300டி ஒன்று இருக்காம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம்.