ஆடிட் ஃபர்மா, கம்பெனி வேலையா? இரண்டிலும் இருந்து பார்த்தவரின் அனுபவம்

சிஏ முடித்த பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: ஃபர்மிலேயே இருக்கலாமா, கம்பெனிக்குப் போய்விடலாமா? கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர ஆடிட் ஃபர்மில் ஏழெட்டு வருடம் இருந்தேன். அப்புறம் பம்ப் செட்டுக்கு வார்ப்பு ஊற்றித் தரும் ஒரு ஃபவுண்டரியின் கணக்குப் பிரிவுக்கு வந்து, ஃபர்மில் இருந்ததைவிடக் கூடுதலான காலம் ஆகிவிட்டது. பிக் ஃபோர் எனப்படும் நான்கு பெரிய உலக ஆடிட் நிறுவனங்களில் வேலை பார்த்ததில்லை, அங்கே கதை வேறு. நான் சொல்வது ஊர் ஃபர்ம், ஊர் கம்பெனி பற்றித்தான்.

ஃபர்மில் கிடைத்த பெரிய லாபம், விதவிதமான கணக்குகளைப் பார்த்ததுதான். ஒரு வாரம் ஸ்பின்னிங் மில், அடுத்த வாரம் திருப்பூர் எக்ஸ்போர்ட்டர், ஏப்ரல் பிறந்தால் பேர் மட்டும் கேள்விப்பட்ட ஏதாவது ஊரில் வங்கிக் கிளை ஆடிட். மில்லில் பஞ்சுக் கழிவு எவ்வளவு வரை நியாயம் என்று தெரிந்துகொண்டேன். திருப்பூரில் ஜாப் ஒர்க் சலானை (வெளி வேலைக்குத் துணி அனுப்பும் சீட்டு) வைத்தே துணி எங்கே நிற்கிறது என்று சொல்லப் பழகினேன். வங்கிக் கிளையில், மார்ச் 31 அன்று மட்டும் சுத்தமாக இருந்துவிட்டு ஏப்ரல் 2-ஆம் தேதி பழையபடி ஆகும் கடன் கணக்கைக் கண்டுபிடிக்கக் கற்றேன். ஒரே கம்பெனியில் எத்தனை வருடம் குப்பை கொட்டினாலும் இவ்வளவும் வராது.

2023 ஜூலையிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்பவர்கள் ஃபர்மில் பெறும் கட்டாயப் பயிற்சி) மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அதனால் இப்போது முடித்து வருபவர்களுக்கு, சம்பளம் குறைவாக இருந்தாலும் ஃபர்மில் ஓரிரு வருடம் கூடுதலாக இருங்கள் என்றுதான் சொல்வேன்.

வேலை நேரத்தைப் பற்றி வெளியே பேசுவதில் பாதி பொய். டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். கம்பெனிகளின் பொதுக்குழுக் கூட்டத்துக்கும் பெரும்பாலும் அதே நாள்தான் எல்லை. ஆகஸ்ட் பாதியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு ஆபீஸ் மேஜையில்தான். தேதியை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு வதந்தி வரும். ஆனால் அந்த அலை ஓய்ந்தால் நவம்பரில் பத்து நாள் லீவு கேட்டாலும் கிடைக்கும். கம்பெனியில் அலையும் இல்லை, ஓய்வும் இல்லை. 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (ஜிஎஸ்டி கட்டும் படிவம்), நடுவில் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், எம்டிக்கு மாத லாப நஷ்டம். பன்னிரண்டு மாதமும் இதே பாட்டுத்தான். கம்பெனிக்குப் போனால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்பவர்கள் மாதக் கடைசியைப் பார்க்காதவர்கள்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபர்மில் இருந்தபோது ஃபவுண்டரி என்றால் எனக்கு ரிஜெக்‌ஷன் (குறைபட்டுக் கழிக்கப்படும் வார்ப்பு) என்பது தாளில் ஒரு சதவீதக் கணக்கு, அவ்வளவுதான். போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் காரணம் கேட்பேன், ஒரு பதில் எழுதித் தருவார்கள், ஃபைலில் சேர்த்துவிடுவேன். இங்கே வந்த பிறகுதான் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தேன். அச்சை உடைத்து, மணலைத் தட்டி, ஷாட் பிளாஸ்ட் செய்தபிறகுதான் (சிறு இரும்புக் குண்டுகளால் அடித்துச் சுத்தம் செய்வது) மேலே தெரியும் குறை தெரியும். உள்ளே இருக்கும் புளோஹோல் என்ற காற்றுக் குழி அப்போதும் தெரியாது. பம்ப் கம்பெனிக்காரர் லேத்தில் ஏற்றிக் கடையும்போது பல்லிளிக்கும். ஜனவரியில் அனுப்பிய சரக்குக்கு ஏப்ரலில் டெபிட் நோட் வரும். வார்ப்பு விலையோடு கடைந்த கூலியையும் சேர்த்துப் பிடிப்பார்கள். அப்படியென்றால் மார்ச் 31-ல் எவ்வளவு ப்ரொவிஷன் (வரப்போகும் நஷ்டத்துக்கான ஒதுக்கீடு) வைப்பது? அந்த எண்ணைப் போடுவதற்கு மோல்டிங் ஷெட்டில் போய் நின்று, மணலில் ஈரம் அதிகமாக இருந்த வாரம் எது என்று சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் அக்கவுண்டன்ட் பெரியவர், முப்பது வருடமாக அங்கே இருப்பவர், "தம்பி, ஆடிட்டருங்க யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லைங்க" என்றார்.

இன்னொன்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவுக்குள், அதாவது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் தந்த வருடத்தில்தான் அந்தச் செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி. 2023-24 கணக்கிலிருந்து நடப்புக்கு வந்தது. ஃபர்மில் இருந்திருந்தால் எனக்கு அது 3சிடி என்ற டாக்ஸ் ஆடிட் படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டம். கம்பெனியில் அந்த மார்ச் மாதம் அது ரொக்கப் பிரச்சினையாக வந்து நின்றது. பேட்டர்ன் செய்பவர், லேத் ஒர்க்‌ஷாப்காரர், அச்சு மணலுக்குப் பிசின் தருபவர் எல்லோரும் குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் சான்றிதழை நீட்டுகிறார்கள். எங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களோ 90 நாள் கழித்துத்தான் தருவார்கள். யாருக்கு எப்போது என்று பட்டியல் போட்டு, எம்டியிடம் ஓவர்டிராஃப்ட் உயர்த்தச் சொல்லி வாதாடி, அது நடந்தது. ஒரு விஷயம் நடக்கும் முன்பே நம் கைக்கு வரும் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முடிந்துபோன வருடத்தை டிக் அடிப்பதில் எனக்கு அந்தச் சூடு கிடைத்ததில்லை.

அப்படியானால் எல்லோரும் கம்பெனிக்கு வந்துவிடலாமா என்றால், இல்லை. ஃபர்மில் தங்குவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: கையெழுத்து. வேலை முழுவதையும் நீங்கள் செய்திருந்தாலும் அறிக்கையில் பார்ட்னர் பெயர்தான் வரும். 2019-லிருந்து ஒவ்வொரு அறிக்கைக்கும் யூடின் என்ற அடையாள எண் கட்டாயம். அதுவும் கையெழுத்திடுபவரின் லாகினிலிருந்துதான் எடுக்க வேண்டும். பார்ட்னர் ஆகாமல் மேனேஜராகவே பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். கிளையன்ட் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும், ஆனால் ஒரு கிளையன்ட்டும் அவர்களுடையது இல்லை. கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் ஃபர்ம் போல வராது. ஊரில் 'ஆடிட்டர்' என்ற மரியாதை சும்மா இல்லை. கம்பெனிக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள் என்னை 'அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான்' என்கிறார்கள், சம்பளம் கூடியது அவர்கள் கணக்கில் வராது.

பகலில் கம்பெனி, சாயங்காலம் பிராக்டீஸ் என்ற திட்டத்தோடும் சிலர் வருகிறார்கள். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் ஆடிட் அறிக்கையில் கையெழுத்திட சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ அனுமதிப்பதில்லை. திரும்பிப் போவதும் சுலபமில்லை. மற்ற தொழில்கள் போல நாம் இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது, ஆள் தெரிந்துதான் கிளையன்ட் வரும். ஐந்தாறு வருடம் விலகியிருந்தால் அந்த ஆட்கள் வேறு ஆடிட்டரிடம் போயிருப்பார்கள்.

ஆகவே ஃபர்மில் இருப்பவர்கள் பார்ட்னரிடம் முகத்துக்கு நேராகக் கேளுங்கள்: எந்த வருடம், எந்த கிளையன்ட்டில் நான் கையெழுத்துப் போடுவேன்? ஒருவர் வருடத்துக்கு 60 டாக்ஸ் ஆடிட் வரைதான் கையெழுத்திடலாம் என்ற வரம்பு இருப்பதால், வளரும் ஃபர்முக்கு உங்கள் கை தேவைப்படும். பதில் மழுப்பலாக இருந்தால் ரெஸ்யூமேயைத் தூசி தட்டலாம். கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது, போன மாத டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) எந்தத் தேதியில் முடிந்தது என்று. 10-ஆம் தேதிக்குள் என்றால் தாராளமாகச் சேரலாம். "அதெல்லாம் வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்து பார்த்துக்குவார்" என்றால், சம்பளத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.