பழைய காரின் ஹீட்டர் கெட்டால்: காயிலை மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

குமரி மாவட்டத்தில் காருக்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர்கள் நிறைய. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆடி மாத மழையில் நான்கு பேர் நனைந்த குடையோடு ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வந்தால் தெரியும். ஏசி இல்லாத பழைய காரில் முன்கண்ணாடி சீக்கிரமே வெள்ளையாகப் பூத்துவிடும். அதைத் தெளிய வைக்க அந்தக் காரில் ஹீட்டரை விட்டால் வேறு எதுவும் இல்லை. மூணாறு, கொடைக்கானல் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எந்த வழி நல்லது என்று பார்க்கும் முன், கெட்டது எது என்று தெரிய வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவமான கூலன்ட், எஞ்சினில் சூடாகி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் ஓடும். அதைத்தான் ஹீட்டர் காயில் என்கிறோம். அதன் வழியாக புளோயர் காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். எஞ்சின் சூடான பிறகு லீவரை ஹாட்டில் வைத்து, வண்டியை அணைத்துவிட்டு, எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் காயிலில் கோளாறு இல்லை. காற்றைத் திருப்பிவிடும் மூடியோ புளோயரோதான் பிரச்சினை. ஒன்று சூடு, ஒன்று ஆறிப்போயிருந்தால் காயில் அடைத்திருக்கும், அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சூடில்லை என்றால் கூலன்ட் குறைந்திருக்கும், இல்லையேல் எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்காது. ஆமாம், இருக்காது! எஞ்சின் சூடாகிறது என்று போனால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் மெக்கானிக்குகளில் பலருக்கு உண்டு. அந்த வண்டியில் புதிய காயில் போட்டாலும் சூடு வராது. முதலில் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அடைப்பு மட்டும்தான் என்றால் ஃப்ளஷ் செய்தாலே பெரும்பாலும் போதும். கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பும் துருவும் காயிலின் நுண்ணிய குழாய்களில் படிந்திருக்கும். இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டால், முதலில் செங்கல் நிறத்தில் வந்து பிறகு தெளியும். செலவு குறைவு, டேஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த பழைய காயில், ஃப்ளஷ் செய்த பிறகு ஒழுக ஆரம்பிக்கவும் கூடும்.

ஒழுக்கு என்றால் கதை வேறு. இடதுபக்க மேட் நனைந்திருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். வழுவழுப்பும், பச்சையோ சிவப்போ நிறமும், இனிப்பு வாசனையும் இருந்தால் அது கூலன்ட். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் படிந்த மாதிரி துடைக்கத் துடைக்க மங்குவதும் இதனால்தான்.

இங்கேதான் பலரும் கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடரையோ திரவத்தையோ தேடிப் போகிறார்கள். இருக்கிற வழிகளில் மோசமானது இதுதான். ஓட்டை எது, குழாய் எது என்று அதற்குத் தெரியாது. குறுகலான இடத்தையெல்லாம் அடைக்கும். காயிலோடு ரேடியேட்டரும் அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. மலைப்பாதையில் நடுவழியில் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லை என்றால் தவிர, அதை ஊற்றாதீர்கள்.

பைபாஸ் அப்படியல்ல. காயிலுக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஒழுக்கு அன்றே நிற்கும். இரண்டு முனையையும் தனித்தனியாக அடைப்பதைவிட இப்படிச் சுற்றிவிடுவது மேல். சில எஞ்சின்களில் கூலன்ட் சீராகச் சுற்ற இந்தப் பாதை தேவைப்படும். ஏசி நன்றாக வேலை செய்கிற, மாவட்டத்தைத் தாண்டாத வண்டிக்கு இது போதும் என்பது என் கருத்து. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக் கண்ணாடியைத் தெளிய வைத்துவிடும். ஒன்றை மட்டும் இழப்பீர்கள்: எஞ்சின் சூடேறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து கொஞ்சம் சூட்டை இறக்கும் வசதி இருக்காது.

ஏசி இல்லாத வண்டிக்கும் அடிக்கடி மலை ஏறும் வண்டிக்கும் புதிய காயில்தான் சரி. காயிலைவிடக் கூலிதான் அதிகம் வரும், ஏனென்றால் பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். அதனால்தான் பழைய சாமான் கடையில் எடுத்த காயில் லாபமில்லை என்கிறேன். அதுவும் உங்கள் காயிலின் வயதுதான். மறுபடி ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். புதியது கிடைக்காத மாடல் என்றால் வேறு வழியில்லை. அப்போது ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன்னே பார்த்து வாங்குங்கள். செம்பு, பித்தளைக் காயில் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், நன்றாகவே நிற்கும். அலுமினியத்துக்கு அது ஒத்துவராது.

டேஷ்போர்டு இறங்கியிருக்கும்போதே இரண்டு ஹோஸ், கிளிப்புகள், ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசி வேலை ஒன்றுதான். கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஊற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் லீவர் ஹாட்டில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை காற்று வெளியேறட்டும். வடித்த பழைய கூலன்டை முற்றத்தில் விட்டுவிடாதீர்கள். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கிவிடும், அது விஷம். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.