சம்மன் வந்த பிறகு: வழக்காடுவதா, சம்மதித்துப் பிரிவதா?

நீதிமன்ற ஊழியரிடம் கையெழுத்திட்டு உறையை வாங்கிய அன்றிரவு, கணவரின் விவாகரத்து மனுவைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். பத்திக்குப் பத்தி ஓரத்தில் 'பொய்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். 11-ஆவது பத்தியில், அவருடைய அம்மாவின் மருந்துச் சீட்டை நான் கிழித்தெறிந்ததாக எழுதியிருந்தது. பென்சில் முனை அங்கே உடைந்தது. மறுநாள் வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாமே பொய் என்று நிரூபித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அப்புறம் அவரோடு போய்க் குடும்பம் நடத்துவீர்களா?"

என் தேர்வு அந்தக் கேள்வியில்தான் முடிவானது. நான் சம்மதித்துப் பிரிந்தவள். அந்தப் பக்கச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

சம்மனைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. வராதவரை விட்டுவிட்டு நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளித்துவிடும். அதை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனுப் போடலாம். ஆனால் வராமல் போனதற்குத் தக்க காரணம் காட்டும் பாரம் நம் தலையில்.

வழக்காடினால் என்ன நடக்கும்? சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். வருமானமில்லாதவர், ஆணோ பெண்ணோ, இந்து திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவின்கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். சேர்ந்து வாழ உண்மையிலேயே விரும்புகிறவருக்கும், பணத்தில் கைவிரிக்கும் துணையிடம் மாட்டிக்கொண்டவருக்கும் இதுதான் வழி. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வென்றால் கிடைப்பது என்ன என்று யோசியுங்கள். மனு தள்ளுபடியாகும், சட்டத்தின் கண்ணில் அதே கணவருக்கு அதே மனைவி. அவர் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போவார். தோற்றால் நாம் போவோம். எப்படியானாலும் வாய்தா தொடரும். உறவு மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்து தர இயலாது. அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. ஆகவே குடும்ப நல நீதிமன்றத்தில் பெரும்பாலும் யார் கொடுமைக்காரர் என்ற ஒரே விவாதம்தான். மருந்துச் சீட்டுக்காகக் குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

சம்மதத்தில் பிரிந்தால் கதவு சாத்தப்படுகிறது. இருவர் சம்மதத்தோடு குடும்ப நல நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்று 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே சொல்கிறது. எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. சமரச மையத்தில் மூன்று முறை உட்கார்ந்தோம். சீர்ப் பாத்திரங்களின் பட்டியலில் ஒரு பித்தளை அண்டா யாருக்கு என்பதில் அரை மணி நேரம் போனது. (அண்டா இப்போது என் வீட்டு மாடியில் மழைநீர் பிடிக்கிறது.)

இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்கீழ், சம்மதித்துப் பிரியக் கூட்டு மனுப் போட ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதிசெய்யும் இரண்டாவது நிலைக்கும் இடையே ஆறு மாதம். முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரசம் கைகூடாமல், ஜீவனாம்சம் போன்றவை பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்பது 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நாங்கள் இரண்டாண்டு பிரிந்திருந்ததால் அது எங்களுக்கு உதவியது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. தீர்ப்பு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று பதிலுரையைத் தள்ளிப்போடாதீர்கள். நான் முதலில் பதிலுரையைத் தாக்கல் செய்துவிட்டுத்தான் சமரசத்துக்குப் போனேன். பேசிய தொகையில் பாதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவது நிலையின்போதும் வரைவோலையாகத் தருவதென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். வாய்மொழி வாக்குறுதி ஒன்றைக்கூட நான் ஏற்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. குழந்தை யாரிடம் வளர்வது என்ற பேச்சு வரும் வீட்டில் என் அனுபவம் பாதிதான் உதவும். அடி உதை இருந்த வீட்டுக்கு அதுவும் உதவாது. அங்கே சமரச மேசைக்கு முன்னால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும்.