சத்துக் குறைபாட்டு டெஸ்டுகள்: சில வருஷ அனுபவத்தில் சொல்வது

எங்கள் வீட்டில் விட்டமின், தாதுச்சத்துக்கான ரத்தப் பரிசோதனைகள் சில வருஷமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இரும்பு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் மாமனாருக்கு பி12, எல்லாருக்கும் பொதுவாக விட்டமின் டி. ரிப்போர்ட் ஃபைல் தடித்துப்போய்விட்டது. ஆனால் கொடுத்த காசுக்கு உருப்படியாக உதவியவை நாலைந்து டெஸ்டுகள்தான். எண்பது, தொண்ணூறு டெஸ்ட் என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜில், ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்துப் போடும் விகிதங்களைக்கூடத் தனித்தனி டெஸ்டாகக் கணக்குக் காட்டுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் முழு ரத்தப் பரிசோதனை. சில நூறு ரூபாய் டெஸ்ட், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே எம்சிவி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறுத்துவிடும். பி12 குறைந்தால் பெருத்துவிடும். இரண்டும் சேர்ந்தே குறைந்தால்? சிறுசும் பெருசும் கலந்து சராசரி நார்மல் என்று வந்து நிற்கும். அப்போது ஆர்டிடபிள்யூ என்ற வரி, அதாவது அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற எண், ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைப்போல சைவம் சாப்பிடும், மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இந்தக் கலவை அபூர்வமல்ல.

என் ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பில் கொத்தாக முடி வந்தது. உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டை டாக்டர் எழுதிக்கொடுத்தார். வந்தது 9. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கின்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். தட்டில் சோறு இருக்கும்போதே அரிசிப் பானை காலியாகிவிடும் கதைதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காய்ச்சல், மூட்டுவீக்கம் மாதிரி உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். காய்ச்சல் வந்துபோன கையோடு எடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். தினமும் போட்டு மலச்சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த நிம்மதி தெரியும். மாத்திரைக்குப் பக்கத்தில் காபி, டீ கூடாது. எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது, பானை நிரம்ப மேலும் சில மாதங்கள் ஆகும்.

மாமனார் விஷயம்தான் நீளமானது. பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. “செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலம்மா” என்று தெருமுனையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். சர்க்கரைக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டிருப்போம். டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி அவர் கால் பெருவிரலில் வைத்து, “அதிர்வு நின்னதும் சொல்லுங்கய்யா” என்றார். கவை முனகிக்கொண்டிருக்கும்போதே மாமா “நின்னுருச்சு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதுக்கே அந்தச் சத்தம் கேட்டது.

பி12 எடுத்தோம், 260. லேப் அச்சடித்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் 200-லிருந்து 300 வரை சந்தேகப் பிரதேசம் என்பது டாக்டரின் கணக்கு. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். பி12 உள்ளே சரியாக வேலை செய்யவில்லை என்றால் இது ஏறும். ஃபோலிக் அமிலம் குறைந்தாலும், சிறுநீரகக் கோளாறிலும் ஏறும் என்பதால் அவற்றையும் சேர்த்தே பார்த்தார். இந்த டெஸ்டுக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவை எனக்குச் சரிப்படவில்லை. எடுத்த ரத்தத்திலிருந்து அணுக்களைச் சீக்கிரம் பிரிக்காமல் விட்டால் அவற்றிலிருந்தே ஹோமோசிஸ்டீன் கசிந்து எண் கூடிவிடும். மதுரை வெயிலில் அரை ஊர் சுற்றும் பைக் பெட்டியை நான் நம்பத் தயாராக இல்லை, லேபுக்கே கூட்டிப்போனேன். உயர்ந்துதான் இருந்தது. ஊசி ஆரம்பித்தார்கள். எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது, மதமதப்பு முழுசாகப் போகவில்லை. ஊசிக்குப் பிறகு பி12 எடுத்தால் 2000-க்கு மேல் என்று வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

விட்டமின் டி-யில்தான் எனக்குப் பெரிய அலுப்பு. ஒரு லேபில் 14, கொஞ்ச நாளிலேயே இன்னொரு லேபில் 22, நடுவில் மாத்திரை எதுவும் போடவில்லை. கருவியும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். எது போதும் என்பதிலேயே ஒற்றுமை இல்லை: 2011-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் 20 போதும் என்றது, அதே வருஷம் அங்கேயே ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. பிறகு 2024-ல் அந்தச் சொசைட்டியே 30 என்ற வரம்பைக் கைவிட்டு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. எலும்புத் தேய்மானம் மாதிரி காரணம் இருப்பவர்களுக்கு வேறு விஷயம். வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்றாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் பேக்கேஜில் சும்மா வரும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது; ரத்த அளவை உடம்பு எப்படியாவது சரிக்கட்டி வைத்துக்கொள்ளும், அதனால் அந்த எண் எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மக்னீசியமும் ரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முடியை வெட்டிக் கொடுத்தால் எல்லாத் தாதுவும் சொல்வோம் என்பவர்களிடம் நான் போவதே இல்லை.

எந்த லேபிலும் கேட்காத கேள்வி ஒன்று: முடி வளர மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிலுள்ள பயோட்டின் என்ற பி விட்டமின் பல டெஸ்டுகளைக் குழப்பும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்தது. என் அக்கா மகளுக்குத் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கி, தைராய்டு கூடிவிட்டது என்று வீடே கலங்கியது. மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்தால் நார்மல். அதே பயோட்டின் விட்டமின் டி-யைக் கூட்டியும் காட்டலாம்.

தனியாகக் கேட்டால் பேக்கேஜே மலிவு என்று கவுண்டரில் சொல்வார்கள், பல நேரம் உண்மையும்கூட. ஆனால் தேவையில்லாத ஒரு சிவப்பு எழுத்து வந்தால், அதைத் துரத்திப்போகும் அடுத்த டெஸ்டுக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும். இந்த வருஷம் எனக்கு சிபிசியும் ஃபெரிட்டினும், மாமாவுக்கு சிபிசியும் ஹோமோசிஸ்டீனும். விட்டமின் டி யாருக்கும் எடுக்கவில்லை.